அரசு நீதிமன்றத்துக்குப் பணம் யார் தருகிறார்கள், பக்கத்து வீட்டுப் பையனுக்கு லாயர் யார் தருவார்கள்

நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். பாஸ்டனில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகன், அங்கே கட்டணம் போதவில்லை என்று லாயர்கள் ஏழைகளின் வழக்குகளை எடுக்காமல் நின்றதில் வழக்குகளே தள்ளுபடியாகிவிட்டன என்று சொன்னாராம். அதே மாதிரி நம் சிங்கப்பூர் அரசு நீதிமன்றங்களுக்கும் ஒரு நாள் பணத் தட்டுப்பாடு வருமா என்பது முதல் கேள்வி. நம்மூர் வழக்கறிஞர் சங்கம் ஏன் இதைப்பற்றிக் குரல் கொடுத்துக் கேட்டதே இல்லை என்பது இரண்டாவது. மூன்றாவதைப் போகிறபோக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் புளோக்கில் ஓர் அக்காவின் 19 வயது மகன்மேல் அடிதடி வழக்கு, லாயர் 5,000 வெள்ளி முன்பணம் கேட்கிறார், லீகல் எய்ட் அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு இந்த வழக்கை எடுக்க முடியாது என்றுவிட்டார்கள், பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துவிடலாமா என்று வீட்டில் யோசிக்கிறார்கள்.

எனக்கு மூன்றாவதுதான் அவசரமாகப் படுகிறது. அந்த அக்காவுக்குத் தேவையானது இந்தப் பதிலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது, நேரமில்லை என்றால் அதை முதலில் படித்து அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

நான் லாயர் இல்லை. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருபது ஆண்டுக்குமேல் நின்றவன், ஓய்வு பெற்றபிறகு சட்ட ஆலோசனை முகாம்களில் தொண்டூழியம் செய்கிறேன். பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் 'ஸ்டேட் கோர்ட்' என்றால் மாநில நீதிமன்றம். மாசசூசெட்ஸ், கலிஃபோர்னியா என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டமன்றம், தனி வரவு செலவு, அதற்குள் தனி நீதிமன்றம். நம்முடைய 'ஸ்டேட் கோர்ட்ஸ்' அப்படி இல்லை, இங்கே மாநிலமே கிடையாது. ஹேவ்லாக் ஸ்குவேரில் அந்த எண்கோணக் கட்டடம் 1975-இல் வந்தபோது அதற்குச் சபார்டினேட் கோர்ட்ஸ் என்று பெயர், சார்நிலை நீதிமன்றங்கள். 2014 மார்ச்சில்தான் பெயரை அரசு நீதிமன்றங்கள் என்று மாற்றினார்கள். சிங்கப்பூரின் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்குமேல் இங்கேதான் வருகின்றன, அதை 'சார்நிலை' என்று அழைப்பது பொருத்தமில்லை என்பது அதற்கு ஒரு காரணம். சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பக்கத்திலேயே தெரிகிற உயரமான கோபுரக் கட்டடத்துக்கு 2019 கடைசியில் இடம் மாறினார்கள். மக்கள் இன்னும் 'சப் கோர்ட்' என்றுதான் சொல்கிறார்கள், நானும் சில நேரம் அப்படித்தான் சொல்லிவிடுகிறேன்.

சரி, பாஸ்டன் கதை. உங்கள் தம்பி சொன்னது உண்மை. அமெரிக்காவில் 1963-இல் கிடியன் வழக்கு என்று ஒன்று வந்தது. கடும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் காசில்லை என்றால் அவருக்கு அரசே லாயர் தர வேண்டும், அது அரசியல் சட்ட உரிமை என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் பணத்தை ஒதுக்க வேண்டியது மாநிலங்கள். மாசசூசெட்சில் அரசு சம்பளம் வாங்கும் லாயர்கள் கொஞ்சம் பேர்தான். ஏழைகளின் வழக்குகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளூர் வழக்கறிஞர் அமைப்புகள் வழியாக வரும் தனியார் லாயர்கள் மணிக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள். 2025-இல் மாவட்ட நீதிமன்ற வழக்குக்கு மணிக்கு 65 டாலர் தந்தார்கள், அருகிலுள்ள மெய்ன் மாநிலத்தில் 150 டாலர். மே மாதக் கடைசியில் நிறையப் பேர் புதிய வழக்குகளை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கே 2004-லேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. லாயர் கிடைக்காமல் ஏழு நாளுக்குமேல் ஒருவரைக் காவலில் வைக்கக் கூடாது, 45 நாள் ஆகியும் கிடைக்கவில்லை என்றால் வழக்கைத் தள்ளிவிட வேண்டும். அந்த ஏற்பாட்டை ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. திரும்பத் தொடுக்கலாம் என்ற நிபந்தனையோடுதான், ஆனாலும் அடிவாங்கிவிட்டுச் சாட்சி சொல்லக் காத்திருந்த பெண்ணுக்கு அது என்ன ஆறுதல்? பிறகு சட்டமன்றம் மணிக்குத் தரும் கூலியை இரண்டு தவணையாக மொத்தம் 20 டாலர் உயர்த்தியது.

நீதிமன்றமே கதவைச் சாத்திய கதையும் உண்டு. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் 2009 செப்டம்பர் முதல் ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை நீதிமன்றங்களை மூடினார்கள், சம்பளச் செலவை மிச்சப்படுத்த. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை வரவுக்குள் செலவை அடக்கியே ஆக வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்திருக்கின்றன. பொருளாதாரம் சரிந்தால் வரி குறையும், வரி குறைந்தால் வெட்டு விழும், அந்த வெட்டு நீதிமன்றத்தையும் விடாது. அதே நேரத்தில்தான் வேலை போனவன், வீட்டுக்கடன் கட்ட முடியாதவன் எல்லாம் நீதிமன்றத்துக்கு வருகிறான். கூட்டம் கூடும்போது கவுண்டர் குறைகிறது. இன்னும் சில ஊர்களில் நீதிமன்றத்துக்கான பணத்தை அபராதத்திலிருந்தே எடுக்கப் பார்த்தார்கள். மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் நகரத்தைப் பற்றி 2015-இல் அமெரிக்க நீதித் துறையே விசாரித்து, அந்த நகர நீதிமன்றம் வருமானம் திரட்டும் கருவியாக நடந்தது என்று எழுதியது. நீதிபதி சொல்லும் அபராதத்தை நம்பி அலுவலகத்து மின்கட்டணம் இருந்தால் அந்த இடத்தில் நியாயம் எப்படிக் கிடைக்கும்?

நம் ஊரில் அப்படி நடக்குமா என்றால், நடக்காது என்று தைரியமாகச் சொல்வேன். பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டம் வரும்போது எல்லோரும் கடையில் செலவழிக்க அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு எவ்வளவு என்றுதான் பார்ப்போம், ஆனால் அதோடு வரும் செலவு மதிப்பீட்டில் அமைச்சுகளுக்கு முன்னால் அதிபர், நாடாளுமன்றம், தலைமைச் சட்ட அலுவலகம் என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கும், அவற்றில் நீதித்துறையும் ஒன்று. சட்ட அமைச்சின் செலவு வேறு, நீதிமன்றத்தின் செலவு வேறு. அதற்கும் மேலாக, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் அரசியல் சட்டத்தின் 98-ஆவது பிரிவின்படி அரசாங்கத்தின் வருவாய் சேரும் பொது நிதியான தொகுநிதியின்மீதே நேரடியாக விதிக்கப்பட்ட செலவு. பதவியில் இருக்கும் நீதிபதிக்குப் பாதகமாக அதை மாற்ற முடியாது. தீர்ப்புப் பிடிக்கவில்லை என்று சம்பளத்தைக் குறைக்க யாராலும் முடியாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மாவட்ட நீதிபதிகளும் மாஜிஸ்திரேட்டுகளும் முன்பு சட்டச் சேவையின் கீழ் இருந்தார்கள், அதாவது அரசாங்க வழக்கறிஞர்களும் அவர்களும் ஒரே குடையின் கீழ். 2022 ஜனவரியில் நீதித்துறைச் சேவை என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். செய்தியில் பெரிதாக வரவில்லை, ஆனால் என்னைக் கேட்டால் நான் வேலை பார்த்த காலத்தில் வந்திருக்க வேண்டிய நல்ல மாற்றம் அது.

கட்டணம் வசூலிப்பதே இல்லையா என்றால், வசூலிக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நாட்கணக்கில் நீண்டால் விசாரணைக் கட்டணம் ஆயிரக்கணக்கில் போகும். யோங் பங் ஹவ் 1990-இல் தலைமை நீதிபதியாக வந்தபோது தேங்கிக் கிடந்த வழக்குகளைக் குறைக்க எடுத்த நடவடிக்கைகளோடு வந்தது அது. இரண்டு நிறுவனங்கள் மாதக்கணக்கில் சண்டை போடும் செலவை வரி கட்டுகிறவன் ஏன் சுமக்க வேண்டும் என்பது அதன் நியாயம், எனக்கு அதில் மறுப்பில்லை. சாதாரண மக்கள் போகிற சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளிவரை கேட்டு வழக்குப் போடும் வாடிக்கையாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். 1985-இல் தொடங்கியது, 2019 நவம்பரிலிருந்து 20,000 வெள்ளிவரையிலும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரையிலும் கேட்கலாம். அங்கே லாயருக்கு அனுமதியே இல்லை. ரெனவேஷன் காண்டிராக்டர் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்கவில்லை என்று வருகிறவர்கள், நகைச்சீட்டு விவகாரம், டியூஷன் சென்டர் விவகாரம், எல்லாம் அங்கேதான்.

ஆக, கட்டடத்துக்கும் நீதிபதிக்கும் குமாஸ்தாவுக்கும் என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கும் இங்கே பணம் இருக்கிறது. குற்றவியல் வழக்கில் மொழிபெயர்ப்புக்கு நீங்கள் ஒரு காசு தர வேண்டியதில்லை. நான் கவலைப்படுவது அந்த அறையில் கூண்டுக்குள் நிற்கும் ஆளைப் பற்றி. அவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? பாஸ்டனில் லாயர் இல்லாத நாற்காலி வழக்கையே நிறுத்திவிட்டது, ஏனென்றால் அங்கே அது உரிமை. நம் அரசியல் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, கைதானவர் தமக்கு விருப்பமான லாயரைக் கலந்துபேசவும் அவரைக்கொண்டு வாதாடவும் அனுமதிக்கப்படுவார் என்று சொல்கிறது. அனுமதி உண்டு, ஆனால் அரசு செலவில் தர வேண்டும் என்று அதில் இல்லை. அதனால் இங்கே நாற்காலி காலியாக இருந்தாலும் வழக்கு நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோலவே தெரியும்.

நான் பழைய கட்டடத்தில் 26-ஆம் எண் நீதிமன்றத்தில் எத்தனையோ காலை நேரங்கள் நின்றிருக்கிறேன். குற்றச்சாட்டை வாசிப்பார்கள், நான் தமிழில் சொல்வேன், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். கட்டுமான வேலைக்கு வந்த தம்பி ஒருவர், பேருந்து நிறுத்தத்தில் கிடந்த கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டார் என்று வழக்கு. ஒப்புக்கொண்டார். தண்டனையைக் குறைக்கும்படி கேட்கும் தணிப்பு வேண்டுகோளில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டபோது, "திருப்பிக் கொடுக்கணும்னுதான் வெச்சிருந்தேன் சார், யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியலை" என்றார். நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி பேனாவை வைத்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு வைத்துக்கொண்டிருந்தால்தான் அது குற்றம், திருப்பிக் கொடுக்கத்தான் வைத்திருந்தேன் என்றால் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை என்று பொருள். சட்டப்படி நீதிபதி அந்த ஒப்புதலை ஏற்கக் கூடாது. ஒப்புக்கொள்ளவில்லை என்று பதிவு செய்து, சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வழக்கைத் தள்ளிவைத்தார்.

இன்னொருவர், அதே மாதிரி வழக்கு, வேறொரு வருடம். தணிப்பில் என்ன சொல்கிறீர்கள் என்றதற்கு, "மன்னிச்சிடுங்க" என்று ஒரே வார்த்தை. தண்டனை விதித்தாகிவிட்டது. அழைத்துப்போகும் முன் என்னிடம் மெதுவாக, "அண்ணே, திருப்பிக் கொடுக்கத்தான் வெச்சிருந்தேன், அதெல்லாம் சொல்லலாமான்னு தெரியலை" என்றார். சொன்னதை மொழிபெயர்ப்பதுதான் என் வேலை, இதைச் சொல்லுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் என் சத்தியப் பிரமாணத்துக்கே அர்த்தமில்லை. அவரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டிய ஆள் ஒரு லாயர். அந்த ஆள் அங்கே இல்லை. நான் தொண்டூழியத்துக்கு வந்ததற்கு அவர்தான் காரணம்.

இந்தக் காலி நாற்காலியை நிரப்ப இந்த ஊர் எடுத்துக்கொண்ட காலத்தைப் பாருங்கள். சிவில் வழக்குக்குச் சட்ட உதவி தரும் சட்டம் 1956-இல் வந்தது. முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் தானே பெரிய கிரிமினல் லாயர், ஏழைக்கும் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். 1958 ஜூலையில் லீகல் எய்ட் பியூரோ திறந்தது. அது விவாகரத்து, பராமரிப்புத் தொகை, பிள்ளைகளின் பொறுப்பு, கடன், விபத்து இழப்பீடு போன்ற சிவில் விஷயங்களுக்கு மட்டும். உங்கள் அக்காவைத் திருப்பி அனுப்பியதற்கு இதுதான் காரணம், அவர்கள்மேல் தப்பில்லை. கிரிமினல் வழக்குக்கு அங்கே கதவே கிடையாது. இது தெரியாமல் போய் ஏமாந்து வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன், 'லீகல் எய்ட்' என்ற பெயரைக் கேட்டால் யாருக்குத்தான் தெரியும்.

கிரிமினல் வழக்குக்கு? தூக்குத் தண்டனைக்குரிய வழக்கு என்றால் வருமானம், குடியுரிமை எதுவும் பார்க்காமல் உச்ச நீதிமன்றத்தின் திட்டம் ஒன்றின்கீழ் அரசு செலவில் லாயர் தருகிறார்கள். மற்ற வழக்குகளுக்கு 1985 வரை ஒழுங்கான திட்டம் எதுவும் இல்லை. அந்த வருடம்தான் வழக்கறிஞர் சங்கம் தானாகக் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியது, நீதிமன்றத்தில் எல்லோரும் அதைக் 'கிளாஸ்' என்றே சொல்வார்கள். முப்பது வருடம் அந்தத் திட்டத்தைச் சங்கத்தின் பணமும் நன்கொடையும் லாயர்களின் இலவச உழைப்பும்தான் தாங்கின. கையில் இருந்த பணத்துக்கு ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் உதவ முடிந்தது. 2015-இல்தான் அரசாங்கம் நேரடியாகப் பணம் போட ஆரம்பித்தது. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, டிசம்பரில் பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆபீஸ் திறந்தது, அரசு சம்பளத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் லாயர்கள். வருமான அடுக்கில் கீழே இருக்கும் 25 விழுக்காட்டுக் குடும்பங்களுக்குத்தான் என்று இருந்த உதவியை 35 விழுக்காடுவரை உயர்த்தினார்கள். சிவில் வழக்குக்குக் கதவு திறந்து அறுபத்து நான்கு வருடம் கழித்து இது வந்திருக்கிறது. தாமதம்தான், ஆனால் வந்ததை நான் மனதார வரவேற்கிறேன்.

இப்போது சங்கத்தைப் பற்றிய உங்கள் கேள்வி. குரல் கொடுத்ததில்லை என்பது சரியல்ல, ஆனால் குரல் ஏன் மெதுவாகக் கேட்கிறது என்பதற்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் பல வழக்கறிஞர் சங்கங்கள் விருப்பப்பட்டுச் சேரும் அமைப்புகள், சட்டமன்றத்தின் முன் போய் நின்று பணம் கேட்பது அவர்களின் வழக்கம். நம் சங்கம் சட்டத்தால் உருவானது, 1967-லிருந்து இருக்கிறது, வழக்கறிஞர் தொழில் உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதில் தானாகவே உறுப்பினர். ஒழுங்கு நடவடிக்கை, தொழில் விதி எல்லாம் அதன் பொறுப்பு. 1986-இல் பிரான்சிஸ் சியாவ் தலைவராக இருந்தபோது செய்தித்தாள் அச்சகச் சட்டத்திருத்தத்தைச் சங்கம் பகிரங்கமாக விமர்சித்தது. அதே வருடம் வழக்கறிஞர் தொழில் சட்டத்தைத் திருத்தி, அரசாங்கம் தன்னிடம் கருத்துக்கு அனுப்பும் சட்டங்களைப் பற்றித்தான் சங்கம் கருத்துச் சொல்லலாம் என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகு சங்கத்தின் பேச்சு பெரும்பாலும் ஆலோசனை அறைக்குள், எழுத்தில் நடக்கிறது. கிளாஸ் திட்டத்துக்கு அரசுப் பணம் வந்ததும் அப்படி வருடக்கணக்காகப் பேசித்தான். வெளியே கேட்கும்படி பேசியிருந்தால் முப்பது வருடம் ஆகியிருக்காது என்பது என் கருத்து. சங்கத்தில் நான் மதிக்கும் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அறைக்குள் பேசியதால்தான் கிடைத்தது என்பார்கள்.

ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் சட்ட ஆண்டுத் தொடக்க நிகழ்ச்சியில் தலைமைச் சட்ட அதிகாரி, சங்கத் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் பேசுவார்கள், அந்த உரைகள் இணையத்தில் கிடைக்கும், படித்துப் பாருங்கள். 2022-இல் அப்போதைய தலைவர் ஏட்ரியன் டான் ஓர் எண்ணைச் சொன்னார்: முந்தைய வருடம் 538 லாயர்கள் தொழிலை விட்டுப் போயிருந்தார்கள், அதில் நிறையப் பேர் இளையவர்கள். மொத்தமே ஏறக்குறைய 6,000 பேர் இருக்கும் இடத்தில் இது சின்ன எண் இல்லை. உங்கள் தம்பியின் பாஸ்டன் கதையோடு நம் ஊரைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே இருக்கிற லாயர்களுக்குக் கூலி போதவில்லை, இங்கே கிரிமினல் வழக்கை விரும்பி எடுக்கிற இளம் லாயர்கள் குறைந்தால் இலவசத் திட்டத்துக்கு வர ஆளே இருக்காது. தொண்டூழிய லாயருக்குக் கிளாஸில் கிடைப்பது சிறு மதிப்பூதியம், அலுவலக வாடகை, பிள்ளை பள்ளிச் செலவு எல்லாவற்றையும் வேறு வழக்கில்தான் ஈட்ட வேண்டும். எல்லா லாயரும் வருடத்துக்கு இத்தனை மணிநேரம் கட்டாயம் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று 2012 வாக்கில் யோசித்தார்கள், கடைசியில் 2015-இல் செய்த மணிநேரத்தைத் தெரிவித்தால் போதும் என்று முடிந்தது. கட்டாயப்படுத்தியிருந்தால், சொத்துப் பத்திரம் மட்டும் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் கத்திக்குத்து வழக்கில் வந்து நிற்பார், அது யாருக்கும் நல்லதில்லை.

கிளாஸ் திட்டத்தை இப்போது நடத்துவது புரோ போனோ எஸ்ஜி, சங்கத்தின் இலவச சட்டச் சேவைப் பிரிவாக இருந்து 2022-இல் இந்தப் பெயர் எடுத்துக்கொண்ட அறநிறுவனம். இது நன்கொடையையும் நம்பித்தான் ஓடுகிறது. நீங்கள் நீதிமன்ற நிதியைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருப்பதால் சொல்கிறேன், கவலையை எங்கேயாவது காட்ட வேண்டும் என்றால் அங்கே காட்டுங்கள். தீபாவளிக்குக் கோயிலிலும் தொண்டு இல்லத்திலும் அள்ளிக் கொடுக்கும் நம் சமூகம் சட்ட உதவிக்குக் கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆங்கிலமும் தமிழும் நன்றாகத் தெரிந்தவர்கள் தொண்டூழியராகவும் போகலாம். முகாமுக்கு வரும் பாட்டிக்குத் தமிழில் ஒரு படிவத்தை விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பதே பல நாள் சிரமமாக இருக்கிறது.

சரி, அக்காவின் மகன்.

அவன் சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி என்றால் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆபீஸுக்கு. அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கை வைத்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடும்பத்தின் மொத்த வருமானத்தை வீட்டில் இருக்கும் தலைகளால் வகுத்து வரும் தொகை, வீட்டின் ஆண்டு மதிப்பு, சேமிப்பு இவற்றைப் பார்ப்பார்கள். வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், இருப்பது தடையில்லை. வரம்புத் தொகையை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் யாரோ சொன்ன எண்ணை நம்பி நமக்குக் கிடைக்காது என்று விட்டுவிடாமல் விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள். வழக்கின் தன்மையையும் பார்ப்பார்கள், எல்லா வழக்கையும் எடுக்க மாட்டார்கள், ஆனால் குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும் அடிதடி வழக்கு அவர்கள் எடுக்கும் வகைதான். அங்கே முடியாவிட்டால் கிளாஸ். வெளிநாட்டு ஊழியர்களும் கிளாஸுக்கு விண்ணப்பிக்கலாம், இதைத் தங்கும் விடுதியில் இருக்கும் தம்பிகளுக்கு யாராவது சொன்னால் புண்ணியம். இரண்டு வருமான வரம்பையும் கொஞ்சம் தாண்டிவிட்டவர்கள்தான் உண்மையிலேயே மாட்டிக்கொள்கிறார்கள், கையில் 5,000 வெள்ளியும் இருக்காது, திட்டத்துக்குள்ளும் வர மாட்டார்கள். அப்படியானால் சமூக மன்றங்களில் நடக்கும் இலவச சட்ட ஆலோசனைக்குப் பதிவு செய்து போகலாம், இருபது நிமிடம்தான் கிடைக்கும், ஆனால் குற்றச்சாட்டுத் தாளைக் கையில் கொண்டுபோனால் இருபது நிமிடத்தில் நிறையத் தெரிந்துகொள்ளலாம். லாயரிடமும் முழு வழக்குக்கு எவ்வளவு, ஒப்புக்கொண்டு தணிப்பு வேண்டுகோள் மட்டும் என்றால் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒப்புக்கொண்டு முடித்துவிடலாமா என்பதற்கு வருகிறேன். சீக்கிரம் ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அது உண்மைதான். 2023 அக்டோபரிலிருந்து அதற்கு வழிகாட்டி நெறியே இருக்கிறது, முதல் கட்டத்தில் ஒப்புக்கொண்டால் 30 விழுக்காடுவரை குறைக்கலாம், தாமதமாக ஆக 20, 10, 5 என்று இறங்கும். ஆனால் பலருக்குத் தெரியாதது, அந்த முதல் கட்டம் முதல் நாளோடு முடிவதில்லை. ஒப்புதலைப் பதிவு செய்ய வழக்கு தயார் என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொல்லும் நாளிலிருந்து 12 வாரம்வரை அது நீள்கிறது. ஆகவே அவசரப்பட்டு அடுத்த தேதியிலேயே ஒப்புக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. 'சட்ட உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவகாசம் வேண்டும்' என்று நீதிபதியிடம் சொன்னால் தள்ளிவைப்பார்கள், நான் மொழிபெயர்த்த வாக்கியங்களில் அதிகமானது அதுவாகத்தான் இருக்கும்.

வேண்டுமென்றே காயம் விளைவித்தல் என்ற குற்றச்சாட்டாக இருந்தால் மூன்று வருடம்வரை சிறை அல்லது 5,000 வெள்ளிவரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இது உச்ச அளவு, எல்லோருக்கும் விழுவதில்லை. அவனுக்கு இன்னும் 21 ஆகவில்லை என்பது முக்கியம். அந்த வயதுக்குக் கீழ் இருப்பவர்களைத் திருத்தும் வழியை நீதிமன்றம் முதலில் யோசிக்கும், நன்னடத்தைக் கண்காணிப்பு கிடைக்குமா என்று அறிக்கை கேட்கலாம். பள்ளி அல்லது பாலிடெக்னிக் ஆசிரியர் கடிதம், வேலை செய்தால் முதலாளி கடிதம், யார் முதலில் கை வைத்தது என்று பார்த்தவர்களின் பெயர், மருத்துவச் சான்று, எல்லாவற்றையும் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்வதென்றே முடிவு செய்தாலும் 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ்' என்று ஒரு தாள் தருவார்கள், நடந்தது என்ன என்று அரசுத் தரப்பு எழுதியது. அதில் ஒரு வரி தப்பாக இருந்தாலும் தப்பு என்று சொல்ல வேண்டும், தலையாட்டிவிட்டால் அதுதான் உண்மையாகப் பதிவாகும். அக்காவுக்கு ஆங்கிலம் கஷ்டம் என்றால் வீட்டில் யாராவது வரிவரியாகப் படித்துக் காட்டட்டும். நீதிமன்றத்தில் அவனுக்குப் புரியாவிட்டால் தமிழில் வேண்டும் என்று கேட்கத் தயங்கக் கூடாது. 'எனக்கு இங்கிலீஷ் ஓகே' என்று வெட்கத்துக்குச் சொல்லிவிட்டு விழித்துக்கொண்டு நின்ற எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எந்தத் தேதியையும் தவறவிடக் கூடாது. வராவிட்டால் கைது ஆணை போட்டுவிடுவார்கள், பிணைத்தொகையும் போகலாம், அக்காதான் பிணையாளி என்றால் அவர் பணம். விண்ணப்பம் போட்டதற்கு வரும் மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், நீதிபதியிடம் காட்டலாம்.

அடுத்த தேதி என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்டுச் சொல்லுங்கள், குற்றச்சாட்டுத் தாளில் எந்தப் பிரிவு எண் போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். பையனின் பெயர் வேண்டாம்.